“இனிப் பாட்டு வகுப்பு வேண்டாம்”

கடந்த மாசி மாதத்தில், புதன்கிழமை ஒன்றின் நண்பகல் கழிந்த வேளையில், பூம்ப்ளிஸ் ட்ராம் தரிப்பிடத்தில் வைத்து எம் பன்னிரண்டு வயது மகள் எம்மிடம் ஒரு செய்தி சொன்னாள். ஏழாம் இலக்க ட்ராம் வந்து நின்று கதவு திறந்தது. அவள் ஏறவில்லை. “அப்பா, நான் இனிப் பாட்டு வகுப்புக்குப் போகமாட்டன்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அழவுமில்லை. பல நாள்களாக மனத்துள் எழுதித் திருத்திய வசனத்தை ஒப்புவிப்பவள் போன்று சொன்னாள். கதவு மூடிக்கொண்டு ட்ராம் போயிற்று. அடுத்தது வரும் வரையிலான சில நிமிடங்களில் சொல்வதற்கு எம்மிடம் எதுவும் இருக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் ஆறு ஆண்டுகள் விரிவுரை நிகழ்த்திய வாய் அன்று உதவவில்லை. “இண்டைக்கு மட்டும் போவம், பிறகு கதைப்பம்” என்று சொல்லி அடுத்த ட்ராமில் ஏற்றிச் சென்றோம். தகப்பன்மார் வழமையாகச் செய்வது அதுதான்.

இது எமது வீட்டுச் சங்கதி மட்டுமாயின் பத்திரிகையின் பக்கத்தை இதற்குச் செலவிடுவது முறையாகாது. ஆனால் நாம் எங்கே இதனைப் பிரஸ்தாபித்தாலும், கேட்பவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு தமது வீட்டுக் கதையையும் சொல்லத் தொடங்குகின்றனர். பீல் நகரில் வாழும் தாயார் ஒருவரின் மகன் மிருதங்கத்தில் இறுதித் தேர்வு வரை சென்று சித்தியடைந்தான். சான்றிதழ் வந்த அன்று அதனைத் தாயின் கையிற் கொடுத்து, “இது உங்களுக்கு அம்மா, எனக்கில்லை” என்றானாம். அதன்பின் மூன்று ஆண்டுகளாக மிருதங்கம் உறையை விட்டு வெளியே வரவில்லை. தூண் நகரத்துத் தகப்பனார் ஒருவரின் துன்பம் இதற்கு நேர்மாறானது. ஒன்பது வயதில் பிள்ளை அழுதாள் என்று வீணை வகுப்பை நிறுத்தினார். இன்று இருபது வயதான அப்பிள்ளை, “நான் அப்ப சின்னப்பிள்ளை, எனக்கென்ன தெரியும்? நீங்கள் ஏன் என்னை விட்டனீங்கள்?” என்று கேட்கிறாளாம். போகவைத்தவருக்கும் பழி, நிற்கவிட்டவருக்கும் பழி.

எமது சமூகத்தில் இவ்வினா ஏன் இத்துணை கனக்கின்றது என்பதை முதலில் நேர்மையாகப் பார்த்துவிடுதல் நன்று. 1983 ஆடி மாதத்தின் பின்னர் பெருந்தொகையாக இந்நாட்டுக்கு வந்தவர்களிற் பெரும்பாலோர் தனித்த இளைஞர்கள். உணவகங்களின் பின்பக்கக் கதவால் நுழைந்து, பாத்திரம் கழுவி, பின்னர் சமையலுக்கு உயர்ந்து, ‘எவ்’ அட்டையுடன் ஆண்டுதோறும் அஞ்சி அஞ்சிக் காலங்கழித்தவர்கள். குடும்பங்கள் பின்னரே வந்தன; பிள்ளைகள் அதற்கும் பின்னர். பிள்ளை தவழும்போதே, இப்பிள்ளை எம் பாஷையை மறந்துபோகுமோ என்ற பயம் வந்தது. வாடகைக்கு எடுத்த பாடசாலை அறைகளிலும் தேவாலய மண்டபங்களிலும் தமிழ் வகுப்பு, நடன வகுப்பு, பாட்டு வகுப்பு என்று தொடங்கினோம். 2014 மார்கழியில் ஒய்ரோப்பா பிளாட்ஸில் சமயங்களின் இல்லம் திறக்கப்பெற்று, எமது கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் பௌத்த ஆலயமும் ஒரே கூரையின் கீழ் வந்தபோது, பூம்ப்ளிஸில் வாழும் எம்போன்றோருக்குக் கோயில் சில ட்ராம் தரிப்பிடங்கள் தொலைவிற்கு வந்தது. அங்கே விழா நாள்களில் பட்டுப்பாவாடை கட்டிய பிள்ளைகள் மேடையில் அமர்ந்து பாடும்போது, முன்வரிசையில் கைத்தொலைபேசியை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டிருக்கும் பெற்றோரின் கண்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்கள் அங்கே பிள்ளையை மட்டும் பார்க்கவில்லை. விட்டுவந்த வீட்டின் ஒரு அறையாவது இடிபடாமல் இருக்கின்றதா என்று பார்க்கின்றார்கள். நாமும் அவ்வரிசையில் இருந்தவரே. ஒரு அறை முழுவதையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தொண்டையில் ஏற்றிவைத்தோம் என்பது அப்போது புலப்படவில்லை.

எம் துணைவியார் நிறுத்தக்கூடாது என்ற கட்சி. ஆறு வயதிற் தொடங்கிச் சரளி, ஜண்டை, அலங்காரம், கீதம், ஸ்வரஜதி என்று படிப்படியாக ஏறி இப்போது மோகன இராகத்து வர்ணத்தில் வந்து நிற்கும் பிள்ளை, சங்கீதம் என்று சொல்லத்தக்கது தொடங்கும் வாசலிற் திரும்புவதா என்பது அவரது வாதம். அதில் நியாயம் இல்லாமலில்லை. புரந்தரதாசர் வகுத்தார் என்று வழங்கும் இப்பாட முறையில் முதல் ஆண்டுகள் முழுவதும் அடித்தளம்தான். மாயாமாளவகௌளையில் மூன்று காலத்திலும் ஏறி இறங்கும் பயிற்சியைக் கேட்டு எவரும் கைதட்டுவதில்லை. வீடு கட்டுபவன் அத்திவாரம் போட்டு முடித்த அன்றைக்கு, இவ்வீட்டில் இருக்கச் சுகமில்லை என்று விட்டுப்போவது போன்றது அது. யாழ்ப்பாணத்திலிருந்து ஞாயிறுதோறும் வட்ஸ்அப்பில் வரும் எம் தாயாரின் முதற் கேள்வியும், “பிள்ளை வர்ணம் பாடுதோ?” என்பதுதான்.

நாம் எக்கட்சி என்பதைச் சொல்ல வேண்டின் முப்பது ஆண்டுகள் பின்னே செல்ல வேண்டும்.

நாம் பிறந்து வளர்ந்தது வலிகாமத்தில், இணுவிலுக்கு அண்மையில். அப்பகுதியில் தவிலும் நாதஸ்வரமும் கேளாத வீதி கிடையாது. தவில்மேதை தெட்சணாமூர்த்தி அவர்கள் வாழ்ந்த மண் அது. மருதனார்மடத்து இராமநாதன் இசைக்கல்லூரியில் 1960களில் மகாராஜபுரம் சந்தானம் அதிபராக இருந்த கதையை ஊரார் தம் வீட்டுக் கலியாணக் கதைபோன்று சொல்வார்கள். எனவே பிள்ளை எனில் ஏதாவது ஒரு வாத்தியம் படிக்க வேண்டும். எமக்கு வயலின் வாய்த்தது. எட்டு வயதிலிருந்து பதினாறு வயதுவரை படித்தோம். வெறுத்துக்கொண்டே படித்தோம் என்பதை இங்கே எழுதிவைக்கிறோம். 1990 இன் பின்னர் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கின் முன் அமர்ந்து, விளக்குத் திரியை அம்மா தூண்டிவிட, நாம் வில்லை இழுப்போம். தந்தி அறுந்தால் கொழும்பிலிருந்து எவரேனும் கொண்டுவந்தால்தான் உண்டு. ஒருமுறை தந்தி அறுந்து மூன்று மாதங்கள் வகுப்பு நின்றது. அந்த மூன்று மாதங்கள் எம் சிறுவயதின் பொற்காலம்.

1995 ஒக்டோபர் 30 அன்று இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தது. அதை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. இதனை வாசிப்பவர்களிற் பலர் நாவற்குழிப் பாலத்தில் எமக்கு முன்னாலோ பின்னாலோ நின்றவர்கள். வீட்டை விட்டு இறங்கும்போது அம்மா, “வயலினை எடு” என்றார். இரண்டு கைகளிலும் பாரம் என்றோம். உண்மையில் ஒரு கை வெறுமையாகத்தான் இருந்தது. அலுமாரியின் மேலே அது கிடந்தது, விட்டுவிட்டு நடந்தோம். மழையும் சேறும் பிள்ளைகளின் அழுகையும் நிறைந்த அந்த இரவில், இனி வயலின் வகுப்பு இல்லை என்ற நினைப்பு ஒருகணம் மனத்துள் வந்துபோனது. அக்கணத்தில் நாம் மகிழ்ந்தோம். இதை இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. 1996 இல் திரும்பி வந்தபோது கதவுகள் இல்லை, ஓடுகள் பாதி இல்லை, வயலினும் இல்லை. அதன் பெட்டி மட்டும் கோழிக்கூட்டின் அருகே திறந்து கிடந்தது.

பின்னர் விரிவுரையாளராக இருந்த நாள்களில், நல்லூர்த் திருவிழாக் காலத்துக் கச்சேரி ஒன்றில் பின்வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். வயலின் வித்துவான் சண்முகப்பிரியா இராகத்தை எடுத்தார். பக்கத்தில் நின்ற சக விரிவுரையாளர் எம் கையைக் காட்டிச் சிரித்தார். குடையின் கைப்பிடியில் எம் இடது கை விரல்கள் தாமாகவே ஸ்வரம் பிடித்துக்கொண்டிருந்தன. எட்டு ஆண்டுக் கட்டாயத்தில் மிஞ்சியது அதுவே: வாசிக்க வராது, ஆனால் கேட்க வரும். அது கட்டாயத்தின் பயனா, அன்றிக் கட்டாயத்தையும் மீறிச் சங்கீதம் செய்த வேலையா என்பதை எம்மால் இன்றுவரை பிரித்தறிய முடியவில்லை. ஆகவே எம் கட்சி எது என்று கேட்டால், அன்று பாரம் என்று பொய் சொன்ன கை ஒன்றும் குடையிற் பிடித்த கை ஒன்றுமாக, இரண்டு கட்சியிலும் இருக்கின்றோம்.

நூல்களில் விடை உண்டா என்று தேடுவது எம் பழைய தொழிலின் பழக்கம். இவ்விடயத்தில் எல்லோரும் நினைப்பது, ஈடுபாடு பயிற்சியால் வரும், பயிற்சி கட்டாயத்தால் வரும் என்பது. ஆஸ்திரேலியாவில் கரி மக்ஃபர்சன் என்ற இசைக்கல்வி ஆய்வாளர் 1997 முதல் 150க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். வாத்தியம் கற்கத் தொடங்கும் முன்னரே ஒவ்வொரு பிள்ளையிடமும், எவ்வளவு காலம் வாசிப்பாய் என்று நினைக்கிறாய் எனக் கேட்டு வைத்தார். கொஞ்சக் காலம் என்று சொன்ன பிள்ளைகளைவிட, வளர்ந்த பின்னும் வாசிப்பேன் என்று சொன்ன பிள்ளைகள் பயிற்சி குறைவாகச் செய்தபோதும் நன்றாக முன்னேறினர் என்பது அவர் கண்டது. இதனை வாசித்த அன்று எமக்கு உறுத்தியது வேறொன்று. எம் மகளை நாம் எவருமே அக்கேள்வியைக் கேட்கவில்லை. ஆறு வயதில் பாவாடை தைத்தோம், தட்சிணை வைத்தோம், விஜயதசமியன்று கொண்டுபோய் அமர்த்தினோம். ஒரு கேள்வி கேட்கவில்லை.

அமெரிக்காவில் சீனக் குடும்பத்து வழிவந்த சட்டப் பேராசிரியை எமி சுவா 2011 இல் எழுதிய நூலும் எம்போன்ற குடியேறிகளின் வீட்டுக் கதைதான். இரண்டு பெண்பிள்ளைகளையும் பியானோவிலும் வயலினிலும் மணிக்கணக்கில் இருத்தியவர் அவர். மூத்தவள் பணிந்தாள். இளையவள் பதின்மூன்றாம் வயதில் மொஸ்கோவில் உணவகம் ஒன்றில் கண்ணாடிக் குவளையை நிலத்தில் எறிந்து உடைத்தாள், தாயார் இறங்கிவந்தார், டென்னிஸ் மட்டை வயலினின் இடத்தைப் பிடித்தது. ஒரே வீடு, ஒரே தாய், ஒரே கண்டிப்பு, இரண்டு முடிவுகள். இதிலிருந்து விதி எதுவும் பிறக்காது.

எம் மரபிலிருந்து ஒரு கதை இதனினும் பொருத்தமானது. புல்லாங்குழல் மாலி என்று உலகம் அறிந்த திருவிடைமருதூர் டி.ஆர். மகாலிங்கம் அவர்களை (1926இல் பிறந்தவர்) ஐந்து வயதில் வாய்ப்பாட்டுப் படிக்கவென்றுதான் மாமனாராகிய கோபால ஐயரிடம் விட்டார்கள். பாட்டில் அவருக்கு நாட்டமில்லை. வீட்டிற் கிடந்த குழலை எடுத்து எவரும் சொல்லிக்கொடாமல் ஊதிப் பார்த்தார். மாமனார் பிறருக்குக் கற்பித்த வர்ணத்தை ஒருநாள் குழலில் வாசித்தபோது அகப்பட்டார். மாமனார் அடித்துப் பறித்திருக்கலாம்; அப்படிச் செய்யாதது சங்கீதத்தின் பாக்கியம். 1933 இல், ஏழு வயதில், மயிலாப்பூரில் மேடையேறினார். எங்கள் பிள்ளைகள் எல்லோரும் மாலி ஆகப்போவதில்லை. ஆகவும் வேண்டாம், கச்சேரிக்கு வராமலே ரசிகரைக் காக்கவைத்த கதைகளும் அவரைப் பற்றி உண்டு. நாம் கவனித்தது வேறு. ‘பாட்டு வேண்டாம்’ என்ற பிள்ளை, ‘சங்கீதம் வேண்டாம்’ என்று சொல்லவில்லை. இதற்கு மறுதலையாகச் செம்மங்குடி சீனிவாச ஐயருக்குச் சிறுவயதில் குரல் ஏற்றதன்று, வயலின் படிக்கட்டும் என்று சொல்லப்பட்டது. அவரோ பாட்டைத்தான் விடமாட்டேன் என்று சாதகம் செய்து வென்றார். பிள்ளை எதை வேண்டாம் என்கின்றது, எதை வேண்டும் என்கின்றது என்பதை நின்று கேட்கும் பொறுமை வேண்டும். ட்ராம் தரிப்பிடத்தில் அப்பொறுமை எம்மிடம் இருக்கவில்லை.

ஆகவே, அடுத்த ஞாயிற்றுக்கிழமை, துணி துவைக்கும் அறையில் எமது முறை வந்த நாளில், அவளையும் அழைத்துக்கொண்டு கீழே இறங்கினோம். இயந்திரம் சுழலும் ஒரு மணி நேரம் வேறு எவரும் குறுக்கிட மாட்டார். “ஏன் வேண்டாம்?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டோம்.

முதலில் புதன்கிழமை என்றாள். பாடசாலை அரை நாள் ஓய்வான அந்தப் பிற்பகலில்தான் வகுப்புத் தோழிகள் உனிஹொக்கி விளையாடுகிறார்கள். இவள் மட்டும் போவதில்லை. அடுத்து ஆறாம் வகுப்பு என்றாள். பேர்ண் மாநிலத்தில் பிள்ளை செக்குண்டார்ஷூலேக்கா ரெயால்ஷூலேக்கா என்று பிரிக்கப்படும் ஆண்டு அது என்பதை இப்பக்கத்து வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை. பின்னர் ஒரு கேள்வி கேட்டாள். “தமிழ் மறக்கக்கூடாது எண்டுதானே பாட்டுப் படிக்க விட்டனீங்கள்? நான் பாடுற வர்ணம் தமிழில்லையே அப்பா?”

தெலுங்கு என்று அவளது ஆசிரியை சொல்லியிருக்கிறார். எமக்கு விடை தெரியும். ஆனால் அது பன்னிரண்டு வயதுக்குரிய விடையன்று. தியாகையரின் காலமும் தஞ்சை அரசவையும் தெலுங்கும் என்று தொடங்கினால் இரண்டாவது சலவையும் முடிந்துவிடும். இவள் கேட்ட இதே கேள்வியைத்தான் 1940களில் அண்ணாமலை அரசரும் அவரைச் சார்ந்தோரும் பெரிய அளவிற் கேட்டார்கள். 1943 இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் எழுந்தது அதனாலேயே. எண்பது ஆண்டுகள் கழிந்து பூம்ப்ளிஸில் ஒரு நிலவறையில் அது மீண்டும் கேட்கப்படும் என்று அரசர் எண்ணியிருக்கமாட்டார். “நீ கேட்டது சரி” என்று மட்டும் சொன்னோம். அவள் எம்மை நிமிர்ந்து பார்த்தாள். அவள் எதிர்பார்த்தது வேறு விடை போலும்.

அதன் பின்னரே உள்ளதைச் சொன்னாள். ஆண்டு விழாவுக்கான ஒத்திகையில், வர்ணத்தின் மேல்ஸ்தாயி காந்தாரத்தை அவளால் எட்டமுடியவில்லை. குரல் காற்றாகப் போய்விட்டது. பதினான்கு பிள்ளைகள் முன்னிலையில், “உனக்கென்ன, காகம் கத்துறமாதிரி?” என்று ஒரு சொல் விழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். சென்ற ஆண்டு வரை அதே இடத்தைச் சிரமமின்றிப் பாடியவள் அவள். “எனக்குப் பாட்டு வராது அப்பா. முந்தி வந்தது. இப்ப வராது” என்றாள். இயந்திரம் நின்று மணி அடித்தது.

ஆசிரியையைக் குறைசொல்ல இதனை எழுதவில்லை. முறையாகக் கற்றுப் பட்டம் பெற்றவர் அவர். விடிகாலை நான்கு மணிக்கு அலுவலகங்களைத் துப்புரவு செய்துவிட்டு, பிற்பகலில் வாடகை மண்டபத்தில் ஒன்றரை மணி நேரத்துள் பதினான்கு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவர். மண்டபத்துக்கு மணிக்கணக்கில் வாடகை. ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு சுருதி வைத்துக் கேட்க நேரம் ஏது? எல்லோருக்கும் ஒரே ஐந்தரைக் கட்டை. பெண்குரலுக்கு வழமையாக வைக்கும் சுருதிதான் அது. ஆண்பிள்ளைக்குப் பருவத்தில் குரல் உடைவதை நாம் அறிவோம், அவனுக்காகக் காத்திருப்போம். பெண்பிள்ளையின் குரலும் அவ்வயதில் சற்றே தாழும், சிறிது காலம் காற்றுக் கலந்து ஒலிக்கும் என்பதைப் பெற்றோர் மறந்துவிடுகின்றோம். சில வேளைகளில் ஆசிரியரும்.

அன்று மாலை கைத்தொலைபேசியில் தம்புராச் செயலியைத் திறந்து நாலரைக் கட்டையில் வைத்தோம். முழுதாக ஒரு கட்டை கீழே. பாடு என்று சொல்லவில்லை. சமையலறையில் ஒலிக்கவிட்டுவிட்டு வெங்காயம் உரித்தோம். நீண்ட நேரத்தின் பின், பாடப் புத்தகத்தை மூடாமலே, ஸ்வரஜதியின் முதலடியை முணுமுணுத்தாள். பிறகு வர்ணத்தின் அந்த இடத்தைத் தனியே எடுத்துப் பார்த்தாள். காந்தாரம் வந்தது. இரண்டாம் முறையும் வந்தது. “இது ஏமாத்து” என்றாள். ஏமாற்றன்று, உலகத்து வித்துவான்கள் எல்லோரும் தத்தம் குரலுக்கேற்ற சுருதியில்தான் பாடுகிறார்கள் என்று விளக்கினோம். கேட்டுக்கொண்டிருந்தாள். பாட்டு வகுப்புக்குப் போகிறேன் என்று சொல்லவில்லை. வாசகர் அவசரப்பட வேண்டாம்; நாம் அன்று அவசரப்பட்டு, “அப்ப புதன்கிழமை போவமா?” என்று கேட்டு, கிடைத்த சிறு வெளிச்சத்தையும் கெடுத்துக்கொண்டோம். புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள்.

இங்கே ஒரு சிறு விலகல். பூம்ப்ளிஸ் 1919 இல் பேர்ண் நகருடன் இணைக்கப்படும் வரை தனி ஊர். இன்றைக்கும் அதன் பெயரைச் சொன்னால் பேர்ண் மக்கள் பலருக்கும் முதலில் நினைவு வருவது ஒரு பாட்டுத்தான்: ‘பாத்தென்ட் ஒக்ஸ்னர்’ என்ற குழு 1990களில் வெளியிட்ட, இவ்வூர்ப் பெண்ணொருத்தியைப் பற்றிய காதற் பாட்டு. எம் மகளுக்கு அது முழுமையாகப் பாடம். எவரும் அமர்த்திச் சொல்லிக்கொடுக்கவில்லை. பாடசாலை முகாமில் நெருப்பின் முன் அமர்ந்து கற்றாளாம். தேர்வு இல்லை, சான்றிதழ் இல்லை, கட்டையும் இல்லை. எமக்கு முதலிற் சினம் வந்தது. பின்னர் யோசித்தோம்: எம் வீட்டில், எம் மேசையில், நெருப்பின் முன் பாடுவது போன்று நாம் எப்போதாவது ஒருங்கே அமர்ந்து பாடியதுண்டா? அவளைப் பாட அனுப்பினோம், அவளுடன் பாடவில்லை.

ஒரு முயற்சி செய்தோம். இணுவில் வீரமணி ஐயர் மயிலாப்பூர்க் கற்பகாம்பாள்மேல் இயற்ற, டி.எம். சௌந்தரராஜன் பாடிப் புகழ்பெற்ற ‘கற்பகவல்லி’யை இராச்சாப்பாட்டின் பின் ஒலிக்கவிட்டோம். தமிழகத்தில் அதனைப் பாடுவோரிற் பலருக்கு எழுதியவர் ஈழத்தவர் என்பது தெரியாது. அப்பாட்டில் ஒரு விளையாட்டு உண்டு: ஒவ்வொரு பகுதியும் எந்த இராகத்தில் அமைந்ததோ அந்த இராகத்தின் பெயர் சொற்களுள் ஒளிந்திருக்கும். அதைச் சொன்னதும் தாளும் பென்சிலும் எடுத்துவந்தாள். கல்யாணியை உடனே கண்டுபிடித்தாள், பாகேஸ்ரீக்குச் சிறிது நேரம் பிடித்தது, ரஞ்சனியை எம் துணைவியார் சொல்லிக்கொடுக்க முற்பட்டபோது, “சொல்லாதேங்கோ அம்மா!” என்று கத்தினாள். தமிழ் என்பதால் மட்டும் இப்படியாயிற்று என்று நாம் வாதிட வரவில்லை. ஆனால் ஆறு ஆண்டுகளில் அவள் சங்கீத விடயத்தில் கத்தியது அன்றுதான்.

பணத்தைப் பற்றியும் இரண்டு சொற்கள். இவ்விடயத்தை ஒரு கூட்டத்திற் கதைத்தபோது, அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராமல் இருக்கும் இளந்தாய் ஒருவர், “உங்களுக்குப் பிள்ளை மாட்டன் எண்டுற கவலை, எனக்கு அனுப்பக் காசில்லாத கவலை” என்றார். நாம் வெட்கினோம். இந்நாட்டு மக்கள் 2012 செப்ரெம்பர் 23 அன்று நடந்த வாக்கெடுப்பில் நூற்றுக்கு 72.7 வீதமானோர் ஆம் என்று சொல்லி, பிள்ளைகளின் இசைக்கல்வியை அரசியலமைப்பிலேயே எழுதிவைத்தார்கள். அதன் பயனாக 2016 முதல், மாநில அல்லது நகராட்சி உதவி பெறும் இசைப் பள்ளிகள் பிள்ளைகளிடம் வளர்ந்தோரிலும் குறைந்த கட்டணமே பெற வேண்டும். பெற்றோரின் பொருளாதார நிலையையும் கருத வேண்டும். குறைந்த வருமானமுள்ளோர்க்குக் காரித்தாஸ் நிறுவனம் வழங்கும் கூல்துர்லேகி அட்டைக்கும் பண்பாட்டு, விளையாட்டு, கல்வி வகுப்புகளிற் கழிவு உண்டு. கேட்க வெட்கப்பட்டு விட்டுவிட வேண்டாம். அந்தத் தாயின் பிள்ளையை எம் மகளின் ஆசிரியையே இப்போது கட்டணமின்றிச் சேர்த்துக்கொண்டுள்ளார். அவரைக் குறைசொல்ல எழுதவில்லை என்று முன்னரே குறிப்பிட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

அவரிடம் நாம் சென்று கதைத்தது பங்குனி முதல் வாரத்தில். ஒத்திகையில் விழுந்த சொல்லை நாம் எடுக்கவில்லை. சுருதியை மட்டும் எடுத்தோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, “நான் கவனிக்கேல்ல. பதினாலு பேரை வைச்சுக்கொண்டு…” என்று தொடங்கி நிறுத்தி, “எனக்கும் அந்த வயசில இப்பிடித்தான் இருந்தது” என்றார். இப்போது வகுப்பின் இறுதியில் இருபது நிமிடம் அவளுக்கென்று தனியே நாலரைக் கட்டையில் வைக்கின்றார். கோடையில் வரும் தேர்வுக்கு அவள் பெயர் கொடுக்கப்படவில்லை. ஆண்டு விழாவிலும் பாடமாட்டாள். பட்டுப்பாவாடைக்கு எடுத்துவைத்த துணி அலுமாரியில் இருக்கின்றது. வகுப்பு சனிக்கிழமைக்கு மாறியது, புதன்கிழமை உனிஹொக்கி.

இவை எல்லாம் இலகு. கடினமானது மகளுக்கு நாம் கொடுத்த வாக்கு. ஆனி மாதம் முடியும் வரை போ. அதன்பின் வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும் நீ சொல்வதே முடிவு, காரணம் கேட்கமாட்டோம் என்றோம். எம் துணைவியாருக்கு இதில் உடன்பாடில்லை. “பன்னிரண்டு வயதுப் பிள்ளையிட்ட முடிவைக் குடுக்கிறது அன்பில்லை, அலுப்பு” என்றார். அவர் சொல்வதிலும் உண்மை இருக்கலாம். ஏழு வயதில் இத்தகைய வாக்கை நாம் கொடுத்திருக்கமாட்டோம். அவ்வயதில் பிள்ளை பல் துலக்கவும் மாட்டேன் என்றுதான் சொல்லும். பன்னிரண்டு வயதில், குரலும் உடலும் அவளுடையதாகத் தொடங்கும் காலத்தில், அக்குரலால் என்ன செய்வது என்பதை அவளைக் கேளாமல் தீர்மானிக்க எமக்கு மனம் வரவில்லை. வாக்கைக் கொடுத்துவிட்டோம். அவள் வேண்டாம் என்று சொன்னால் எப்படித் தாங்குவோம் என்பது வேறு விடயம். அதற்கு நாமே ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் அழைப்பு வந்தது. வழமைபோன்று, “பிள்ளை வர்ணம் பாடுதோ?” என்றார். நாம் விடை தேடிக்கொண்டிருக்க, மகள் தொலைபேசியை எட்டி வாங்கினாள். “அப்பம்மா, நான் சோதினை எடுக்கேல்ல. விடுறதோ எண்டு யோசிக்கிறன்” என்றாள். எம் நெஞ்சு அடைத்தது. மறுமுனையில் சிறிது நேரம் காகங்களின் சத்தம் மட்டும் கேட்டது. பின்னர் அம்மா சிரித்தார். “நானும் பதினொரு வயசில விட்டனான் பிள்ளை. ஆர்மோனியப் பெட்டியை மாமா வீட்டுக்குக் குடுத்தாச்சு. ஒருத்தரும் ஏனெண்டு கேக்கேல்ல” என்றார்.

ஜாம் போத்தல் விளக்கின் திரியைத் தூண்டியபடி எட்டு ஆண்டுகள் எம் அருகில் அமர்ந்திருந்தவர், இதனை எமக்கு ஒருபோதும் சொன்னதில்லை. அவர்கள் இருவரும் மேலும் கால் மணி நேரம் கதைத்தார்கள். எம்மை அறையை விட்டு வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். ஆனி மாத இறுதிச் சனிக்கிழமை வரை இன்னும் ஒன்பது வகுப்புகள் உள்ளன.